பெயரைச் சேர்த்த பேராசிரியை

1895 மே 28. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நடந்தது. கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், தத்துவவாதி ஜோசையா ராய்ஸ், ஜெர்மனியிலிருந்து ஜேம்ஸ் அழைத்து வந்த ஹ்யூகோ மன்ஸ்டர்பெர்க் எல்லோரும் இருந்தார்கள். தேர்வு முடிந்ததும், பட்டத்துக்கு வேண்டிய தகுதி முழுவதும் இவருக்கு இருக்கிறது என்று துறை ஒருமனதாகப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்தது. ஹார்வர்டில் நடந்த முனைவர் தேர்வுகளில் இவ்வளவு சிறப்பாக ஒன்று நடந்ததில்லை என்றே ஜேம்ஸ் எழுதினார்.

பல்கலைக்கழகம் பட்டம் தரவில்லை. காரணம், அவர் பெண்.

அவர் பெயர் மேரி விட்டன் கால்கின்ஸ். 1863-இல் பிறந்தவர், ஸ்மித் கல்லூரியில் படித்தவர். 1887-இல் பாஸ்டனுக்கு அருகே உள்ள வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் கிரேக்கம் கற்பிக்கச் சேர்ந்தார். அவர் பாடம் நடத்தும் அழகைக் கவனித்த தத்துவப் பேராசிரியர் ஒருவர், புதிதாகத் தொடங்கவிருந்த உளவியல் பாடத்தை இவரிடம் ஒப்படைக்கலாம் என்று யோசனை சொன்னார். ஓராண்டு எங்காவது போய் உளவியலைப் படித்துவிட்டு வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. படிக்க எங்கே போவது? பக்கத்திலேயே ஹார்வர்டு இருந்தது, ஆனால் அங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை. கால்கின்ஸின் தந்தை விண்ணப்பம் எழுதினார், வெல்லெஸ்லியின் தலைவர் கடிதம் கொடுத்தார், ஜேம்ஸும் ராய்ஸும் பரிந்து பேசினார்கள். 1890 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வகுப்பில் உட்காரலாம், ஆனால் மாணவர் பதிவேட்டில் பெயர் ஏறாது.

ஜேம்ஸின் வகுப்பில் சேர்ந்திருந்த மற்ற மாணவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். மிஞ்சியவர்கள் ஆசிரியரும் கால்கின்ஸும்தான். நூலகத்தில் கணப்பின் இரு பக்கமும் நாற்காலி போட்டுக்கொண்டு, அந்த ஆண்டுதான் அச்சாகி வந்திருந்த ஜேம்ஸின் 'உளவியல் கோட்பாடுகள்' நூலை வைத்துப் படித்தார்கள். எழுதியவரே எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு மாணவிக்குப் பாடம் சொல்லும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

அதே காலத்தில் கிளார்க் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட் சான்ஃபோர்டிடம் ஆய்வகப் பயிற்சி பெற்று, 1891-இல் வெல்லெஸ்லியில் ஓர் உளவியல் ஆய்வகத்தை நிறுவினார் கால்கின்ஸ். அமெரிக்கப் பெண்கள் கல்லூரி ஒன்றில் அமைந்த முதல் உளவியல் ஆய்வகம் அது. சான்ஃபோர்டுடன் சேர்ந்து கனவுகளையும் ஆராய்ந்தார். இரவின் வெவ்வேறு நேரங்களில் அலாரம் வைத்து எழுந்து, நினைவிலிருப்பதை அந்த நிமிடமே எழுதிவைப்பது முறை. இருவரும் சேர்ந்து 375 கனவுகளைப் பதிவு செய்தார்கள். 1893-இல் வெளியான அந்தக் கட்டுரையைப் பின்னாளில் ஃபிராய்டு தன் கனவு நூலில் எடுத்துக் காட்டினார்.

பிறகு மன்ஸ்டர்பெர்கின் ஆய்வகத்தில் நினைவாற்றலைக் கையிலெடுத்தார். ஒரு நிறத்தைக் காட்டி, அதையடுத்து ஓர் எண்ணைக் காட்டுவது. இப்படி ஒரு வரிசை முடிந்தபின் நிறங்களை மட்டும் காட்டி எண்களைக் கேட்பது. எது மனத்தில் நிற்கிறது? பளிச்சென்று தெரிந்ததா, கடைசியாகப் பார்த்ததா, அடிக்கடி பார்த்ததா? அடிக்கடி பார்த்ததற்கே வலு அதிகம் என்று கண்டார். விடையைவிட அவர் கண்டுபிடித்த சோதனை முறைதான் நீண்ட காலம் வாழ்ந்தது. இரண்டு இரண்டாக இணைத்து நினைவைச் சோதிக்கும் அந்த முறை, நூற்றாண்டு கடந்தும் உளவியல் ஆய்வகங்களில் புழங்குகிறது.

1894-இலேயே, இவரைப் பட்டத்துக்கான மாணவியாக ஏற்கவேண்டும் என்று மன்ஸ்டர்பெர்க் ஹார்வர்டுக்கு எழுதினார். தன் ஆய்வகத்தில் இருந்த மாணவர்கள் அனைவரிலும் இவரே தலைசிறந்தவர் என்றும் சொன்னார். மறுத்துவிட்டார்கள். 1902-இல் ஹார்வர்டின் பக்கத்தில் பெண்களுக்கென இருந்த ராட்கிளிஃப் கல்லூரி, ஹார்வர்டில் ஆய்வை முடித்திருந்த நான்கு பெண்களுக்குத் தன் பெயரில் முனைவர் பட்டம் தர முன்வந்தது. கால்கின்ஸ் நன்றி சொல்லி மறுத்தார். தான் ராட்கிளிஃபில் படிக்கவில்லை. உழைத்த இடம் ஹார்வர்டு. இந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டால், பெண்களுக்கு ஹார்வர்டு பட்டம் வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டுக்குத் தானே துணைபோனதாகும் என்று கருதினார்.

1903-இல் உளவியலாளர் ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் அமெரிக்க உளவியலாளர்களை அவர்களுடைய சகாக்களைக் கொண்டே வரிசைப்படுத்தினார். கால்கின்ஸுக்கு 12-ஆம் இடம். 1905-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 1918-இல் அமெரிக்கத் தத்துவச் சங்கத்துக்கும் தலைவரானார். 1927-இல், ஹார்வர்டில் படித்துப் பெரும் பெயர் பெற்றிருந்த உளவியலாளர்களும் தத்துவவாதிகளும் சேர்ந்து, இப்போதாவது அந்தப் பட்டத்தைக் கொடுங்கள் என்று பல்கலைக்கழகத் தலைவருக்கு மனுக் கொடுத்தார்கள். கையெழுத்திட்டவர்களில் எட்வர்டு தார்ன்டைக்கும் ஒருவர். போதிய காரணம் இல்லை என்று பதில் வந்தது. 1930-இல் கால்கின்ஸ் இறந்தார்.

பட்டம் இல்லாமலேயே சாதித்துக் காட்டினாரே, அது போதாதா என்று சிலர் இந்தக் கதையை முடித்துவிடுவார்கள். அப்படி முடிப்பது நியாயமில்லை. கால்கின்ஸுக்கு வெல்லெஸ்லியில் வேலை ஏற்கெனவே இருந்தது. ஆய்வகம் அவர் கையில் இருந்தது. அந்த இரண்டும் இல்லாத பெண்ணுக்குப் பட்டம் என்ற காகிதம்தான் கதவு. மாணவரின் திறமையை ஆசிரியர் உணர்வது ஒன்று, அந்தத் திறமையைப் பல்கலைக்கழகம் ஊரறியப் பதிவு செய்வது இன்னொன்று. முதலாவது கால்கின்ஸுக்குத் தாராளமாகக் கிடைத்தது. இரண்டாவது கடைசிவரை கிடைக்கவில்லை.

முதலாவதில் ஜேம்ஸை மிஞ்ச ஆளில்லை. அந்தத் தார்ன்டைக்கையே எடுத்துக்கொள்ளலாம். மாணவராக இருந்தபோது கோழிக்குஞ்சுகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று பார்க்க ஆசைப்பட்டார். குடியிருந்த அறையில் குஞ்சுகளை வளர்த்தார், வீட்டுக்காரம்மாள் பொறுக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தர ஜேம்ஸ் முயன்று பார்த்தார், கிடைக்கவில்லை. உடனே தன் வீட்டு நிலவறையையே திறந்துவிட்டார். ஜேம்ஸின் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பிறகு தார்ன்டைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார், நன்றாகப் பழகிய இரண்டு கோழிகளையும் நியூயார்க்குக்குக் கூடவே கொண்டுபோனார். அங்கே பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, அவை தாழை நீக்கி வெளியேறக் கற்பதை அளந்து, 1898-இல் ஆய்வேடாகக் கொடுத்தார். கற்றலைப் பற்றிய சோதனை உளவியலுக்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளில் அதுவும் ஒன்று. அந்த மாணவனிடம் ஏதோ இருக்கிறது என்று ஜேம்ஸ் கண்டதற்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. கோழிக்குஞ்சுகளுக்கு ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

   

ஆசிரியரின் பார்வை, ஊரறியும் பதிவு ஆகிய இரண்டையும் ஒரே செயலில் சேர்த்துவிட முடியுமா? முடியும் என்று காட்டியவர் மார்கரெட் ஃபிளாய் வாஷ்பர்ன். உளவியல் துறைகள் இன்றும் இவரிடம் பாடம் கேட்கலாம்.

வாஷ்பர்னும் முதலில் கதவுக்கு வெளியே நின்றவர்தான். கொலம்பியாவில் கேட்டலிடம் படிக்கப் போனார். பெண் என்பதால் கேட்பாளராக மட்டும் உட்காரவிட்டார்கள். கேட்டல் அவரை மற்ற மாணவர்களுக்குச் சமமாகவே நடத்தினார், இங்கே பட்டம் கிடைக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லி, கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போகச் சொன்னார். அங்கே எட்வர்டு டிட்ச்னரிடம் சேர்ந்து 1894-இல் முனைவரானார். உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் இவர்தான். அதே டிட்ச்னர், தான் நடத்திய சோதனை உளவியலாளர் குழுவில் பெண்களைச் சேர்க்கவே இல்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். 1927-இல் டிட்ச்னர் இறந்த பிறகுதான் வாஷ்பர்ன் அதில் சேர முடிந்தது.

1903-இல் வாசர் கல்லூரிக்கு வந்தவர், பணிக்காலத்தின் எஞ்சிய பகுதி முழுவதையும் அங்கேயே கழித்தார். அங்கே முதுகலை ஆராய்ச்சி மாணவர் பட்டாளம் கிடையாது. இருந்தவர்கள் இளங்கலை மாணவிகள். கடைசி ஆண்டு வந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு ஆராய்ச்சிக் கேள்வியைக் கொடுப்பார். கேள்வியும் சோதனையின் அமைப்பும் வாஷ்பர்னுடையவை. ஆட்களை உட்காரவைத்துச் சோதனை நடத்துவதும், கிடைத்த எண்களைக் கணக்கிட்டு அடுக்குவதும் மாணவிகளின் வேலை. முடிவுகளை வாஷ்பர்ன் எழுதி, மாணவியின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்து, நாட்டின் முன்னணி இதழான 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி'க்கு அனுப்பிவிடுவார். 'வாசர் கல்லூரி உளவியல் ஆய்வகத்திலிருந்து' என்ற தலைப்பில் இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வெளிவந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட மாணவிகளின் பெயர்கள் அவற்றில் உள்ளன.

இருபது, இருபத்தொரு வயதில், இன்னும் பட்டம்கூட வாங்காத பெண், டிட்ச்னரும் கேட்டலும் படிக்கும் இதழில் தன் பெயரைப் பார்க்கிறாள். பரிசளிப்பு மேடையில் அழைத்துக் கொடுக்கும் எந்தக் கோப்பையும் இதற்கு ஈடாகாது. இவள் செய்த வேலை இது, இவளை நீங்கள் கேள்வி கேட்கலாம் என்று அந்தப் பெயர் மற்ற ஆராய்ச்சியாளர்களிடம் சொல்கிறது. வாஷ்பர்ன் 1921-இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவரானார், 'விலங்கு மனம்' என்ற நூலால் பெரும் புகழ் பெற்றார். ஆயினும் அவர் செய்தவற்றில் முதலிடம் இந்தச் சிறு கட்டுரைகளுக்குத்தான் கொடுக்கவேண்டும். வாசரில் கால் நூற்றாண்டு நிறைந்தபோது பழைய மாணவிகள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அதையும் மாணவிகளுக்கான உதவித்தொகை நிதியாக்கிவிட்டார்.

பல்கலைக்கழகங்கள் பரவலாகத் தேர்ந்தெடுத்த வழி வேறு. கான்சஸ் பல்கலைக்கழக மாணவர்கள் எட்வின் நியூமனும் ஃபிரெடெரிக் லூயிஸும் 1927-இல், உளவியலில் சிறந்து விளங்கும் மாணவர்களுக்கென்று தேசிய அளவில் ஓர் அமைப்பு வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். 1929 செப்டம்பர் 4 அன்று 'சை கை' என்ற அமைப்பு 22 கிளைகளோடு தொடங்கியது. இடம் யேல் பல்கலைக்கழகம். அப்போது அங்கே ஒன்பதாவது உலக உளவியல் மாநாடு நடந்துகொண்டிருந்தது.  இன்று சை கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. குறிப்பிட்ட அளவு உளவியல் பாடங்களை முடித்திருக்கவேண்டும், மதிப்பெண்ணில் வகுப்பின் மேல்வரிசையில் இருக்கவேண்டும். இருந்தால் உறுப்பினராகலாம்.

மாணவர்களே முன்னின்று கட்டிய அமைப்பு என்பதால் இதன்மீது தனி மதிப்பு வருகிறது. நியூமன் பிறகு ஹார்வர்டிலேயே உளவியல் பேராசிரியரானார். என்றாலும் மதிப்பெண்ணை வைத்துப் பெயர் சேர்ப்பது ஒரு குறையான அளவுகோல். தேர்வில் தேறத் தெரிந்தவரை அது கண்டுபிடிக்கும். கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு அலைபவரைத் தவறவிடும்.

பாராட்டு மனத்தில் என்ன செய்கிறது என்பதை உளவியலே ஆராய்ந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் மூவரும் செய்து 1973-இல் வெளியிட்ட சோதனை இது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள 51 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு, எதிர்பாராமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, விளையாட்டு நேரத்தில் யார் தாமாகப் போய் வரைகிறார்கள் என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற இரு குழுக்களும் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்ற குழந்தைகளின் ஆசை குறையவில்லை.

பிள்ளைகளின் பள்ளியில் கண்டதைப் பல்கலைக்கழகத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் இந்தச் சோதனையைப் பாடமாக நடத்தும் துறை, தன் மாணவர்களுக்கு ஜூன் மாதப் பதக்கத்தை ஜனவரியிலிருந்தே காட்டிக்கொண்டிருப்பது பொருந்தவில்லை.

கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்களைக் கொடுத்து, சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாற வைத்தார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகளின் ஆர்வமும் திறனும் சரிந்தன. தாம் வாங்கிய மதிப்பெண்ணை வேறு பள்ளிப் பிள்ளைக்கு எழுதிச் சொல்லச் சொன்னபோது, அவர்களில் நூற்றுக்கு 38 பேர் கூட்டிச் சொன்னார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் 13 சதவீதம். டுவெக்கின் கருத்தை வைத்துப் பள்ளிகளில் பின்னர் பெரிய அளவில் நடந்த சோதனைகளில் கிடைத்த பயன் சிறியதுதான், அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் ஒருவரை இன்னார் என்று முத்திரை குத்துவதற்கும், அவர் செய்த வேலையைச் சுட்டிப் பாராட்டுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதைப் பாடம் நடத்திப் பழகிய எவரும் மறுக்கமாட்டார்கள்.

சை கையும் பெயர் சேர்ப்பதோடு நின்றுவிடவில்லை. மாணவர்களின் ஆராய்ச்சிக்கு நல்கை தருகிறது. 1996-இல் இளங்கலை மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளுக்கென ஓர் இதழைத் தொடங்கியது. வல்லுநர்கள் படித்துத் திருத்தம் சொன்ன பிறகே அதில் கட்டுரை வரும். வாஷ்பர்ன் தனியொருவராகச் செய்ததை ஓர் அமைப்பு விரித்துச் செய்கிறது. தகுதி பெற்ற மாணவருக்குப் பட்டமளிப்பு நாளில் கழுத்தில் போடும் வண்ணக் கயிற்றைவிட இந்த இதழுக்குத்தான் அதிகச் செலவும் உழைப்பும் வேண்டும். துறைகள் தங்கள் ஆசிரியர்களின் நேரத்தை ஒதுக்கவேண்டியதும் இங்கேதான்.

நேரம் ஒதுக்கிய ஆசிரியர் என்றால் பிரான்சிஸ் சம்னர் நினைவுக்கு வருகிறார். 1920-இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில், உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். பிறகு வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையைக் கட்டி எழுப்பினார். அங்கே அவரிடம் படித்தவர் கென்னத் கிளார்க். ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து உதவித்தொகையோடு 1934-இல் கணிதம் படிக்க வந்த மேமி ஃபிப்ஸ் என்ற மாணவியை உளவியல் பக்கம் இழுத்தவரும் கென்னத்தான். கணிதத் துறையில் பெண்களை ஒதுக்கிவைத்தார்கள் என்பது மேமியின் அனுபவம். உளவியலில் அவருக்கு ஊக்கம் கிடைத்தது. 1938-இல் உயர் சிறப்போடு பட்டம் பெற்றார். கறுப்பினக் குழந்தைகள் தங்கள் நிறத்தைப் பற்றிய உணர்வை எந்த வயதில், எப்படி அடைகிறார்கள் என்று மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆராய்ந்து ஹோவர்டிலேயே முதுகலை ஆய்வேடு எழுதினார்.

அந்த ஆய்வேட்டிலிருந்து வளர்ந்ததுதான், கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் காட்டி 'எது நல்ல பொம்மை' என்று குழந்தைகளைக் கேட்ட புகழ்பெற்ற சோதனை. கென்னத்தைத் திருமணம் செய்துகொண்ட மேமி, அவரோடு சேர்ந்தே அதை நடத்தினார். இருவரும் கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்றார்கள். மேமி பெற்றது 1943-இல். அவருடைய நெறியாளர் ஹென்றி காரெட், இனப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்தவர். பின்னாளில் பள்ளிப் பிரிவினை வழக்கில் வர்ஜீனியா மாநிலத்தின் சார்பில் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பில் கிளார்க் தம்பதியின் ஆய்வு நின்றது.

1954 மே 17 அன்று, பள்ளிகளில் நிறத்தின்படி பிள்ளைகளைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் 11-ஆவது அடிக்குறிப்பு உளவியல், சமூகவியல் ஆய்வுகளைச் சான்றாகக் காட்டுகிறது. அந்தப் பட்டியலின் முதல் பெயர் கே. பி. கிளார்க். கென்னத் 1950-இல் எழுதிய அறிக்கையைத்தான் நீதிபதிகள் குறிப்பிட்டிருந்தார்கள். மேமியின் பெயர் அங்கே இல்லை.

கென்னத் 1971-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். ஆய்வைப் பற்றிக் கேட்டபோது, இது மேமி தொடங்கிய வேலை, தான் நடுவில் வந்து நுழைந்துகொண்டவன், இதைப் பதிவில் எழுதிக்கொள்ளுங்கள் என்றே சொன்னார். 1946-இல் இருவரும் நியூயார்க்கின் ஹார்லெமில் குழந்தைகளின் மனநலத்துக்காக நார்த்சைடு மையத்தைத் தொடங்கினார்கள். 1979-இல் ஓய்வு பெறும்வரை அதன் இயக்குநராக இருந்து நடத்தியவர் மேமி.